கசக்காத மருந்து

கொட்டாஞ்சேனையில் பவளராணிக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது, அவளைப் பெற்ற கனகேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் போன கிழமை பார்த்தோம். “பாக்கப் போகேல்லையோ அக்கா?” என்று தம்பி நவரத்தினம் கேட்டதற்கு, “மூண்டு மாடி இறங்க என்ர முழங்கால் விடவேணுமே” என்று பதில் வந்தது. முழங்கால் மெய்யாகவே வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் பவளராணி சிலுவை போட்ட வேதக்காரப் பெடியன் ஒருவனைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு போன கோபம் முழங்காலைவிடக் கூடுதலாக வீங்கியிருந்ததை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை.

அதன்பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய மாடிவீடு. ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நவரத்தினத்துக்குச் சோறு இறங்கும். மனிதர் வடபகுதி ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அக்காவோடும், ஒரே மகள் தவமலரோடும் காலம் போகிறது.

அன்று திங்கட்கிழமை. தவமலர் விடியவே எழும்பிவிட்டாள். நாலைந்து வருஷமாக அவள் காத்திருந்த நாள் அது.

தவமலர் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். நொச்சி இலையையும் முடக்கொத்தானையும் காயவைத்து, இடித்து, ஊறவைத்து, வடித்து, கடைசியில் எஞ்சுகிற கடும்பச்சைச் சாற்றோடு மாரடிப்பதுதான் அவள் தொழில். மூட்டு வீங்கினால் நொச்சி வைத்துக் கட்டாதவர் நம்மில் யார்? முடக்கொத்தான் ரசம் குடிக்காதவர் யார்? ‘எல்லாரும் குடிக்கினம், சரி. மெய்யாகவே வேலை செய்யுதோ?’ என்பதுதான் தவமலரின் கேள்வி. கால் வீங்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். வீக்கம் வடிந்தது. எலிக்குச் சரிவந்தது மனிசருக்கும் சரிவரும் என்று என்ன நிச்சயம்?

கொட்டாஞ்சேனையில் டொக்டர் ராசிக்கின் கிளினிக்கில் மூட்டுவாதக்காரர் சிலர் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு இந்தச் சாறு. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், மருந்தே இல்லாத தண்ணீர். யாருக்கு எது போகிறது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால்தான் வலியை மாற்றியது சாறா, மருந்து குடிக்கிறோம் என்ற நம்பிக்கையா என்று பிரித்துப் பார்க்கலாம். இதற்கு அனுமதி வாங்குவதற்குள் தவமலர் பட்டது நாய்படாத பாடு. இன்றைக்குத்தான் முதல் நாள்.

ஆய்வுகூடக் கட்டடத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போன மாதம் பூட்டிவிட்டதால், சாறு நிரப்பிய இரண்டு பெரிய மண்ணிறப் போத்தல்களும் வீட்டு ஃபிரிட்ஜுக்குக் குடிவந்து, மாமி கனகேஸ்வரியின் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தன. ஒன்று மெழுகு வைத்து மூடியபடியே இருந்தது. மற்றது சோதித்துப் பார்க்கவென்று முன்னமே திறந்தது.

“தவம், சாப்பிடாமல் போகாதை. புட்டு அவிச்சனான்.”

மாமி குசினியில் நின்றார். மற்ற நாட்களில் முக்காலியில் இருந்துகொண்டு, “அம்மாளாச்சி, என்ர கால்” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் புட்டுக் குத்துவார். இன்றைக்கு நின்றுகொண்டு தேங்காய் துருவினார். தலைக்கு முழுகியும் இருந்தார்.

“என்ன மாமி, திங்கட்கிழமையில முழுக்கு?”

“ஏன், திங்கட்கிழமை முழுகினால் பொலிஸ் பிடிக்குமோ?”

வேறொரு நாளாக இருந்தால் தவமலர் யோசித்திருப்பாள். இன்றைக்கு அவள் கவனமெல்லாம் இரண்டு போத்தலையும் துவாயால் சுற்றுவதிலேயே இருந்தது. அப்பா வேறு வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

“நான் கீழ கொண்டுவந்து விடுறன்.”

“படியில கவனம் அப்பா. உங்களுக்கும் கால் ஏலாது.”

“ஓடுற ரயிலில நிண்ட கால் பிள்ளை இது!” என்று சொன்னவர், அவளுக்கு முன்னாலேயே தடதடவென்று இறங்கிப் போனார். போத்தல் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அவருடைய காலைப் பார்க்கத் தவமலருக்கு நேரமில்லை.

மட்டக்குளி பஸ்ஸில் சன்னலோர இருக்கை கிடைத்தது. பையை மடியில் பிள்ளையைப்போல வைத்துக்கொண்டாள். பம்பலப்பிட்டி கழிந்தது, கொள்ளுப்பிட்டி கழிந்தது. காலிமுகத்திடல் தாண்டியதும் பஸ் நின்றது.

சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்கள் ஒருபக்கம் பெண்கள் ஒருபக்கமாக வரிசையில் நின்றார்கள். தவமலரின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததைப் பார்த்த பொலிஸ்காரி, அவளை வரிசையிலிருந்து விலத்தி நிற்கச் சொன்னாள். பைக்குள் கையை விட்டு, முன்னமே திறந்த போத்தலைத் தூக்கினாள்.

“மே மொனவத?” இது என்ன என்று கேட்டாள்.

“பெஹெத்,” என்றாள் தவமலர். மருந்து. முழங்கால் வலிக்கு என்று சிங்களத்தில் சொல்லி, தன் முழங்காலையும் தொட்டுக் காட்டினாள்.

பொலிஸ்காரி போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மண்ணிறக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் ஓரடி பின்னால் போனான். வரிசையில் நின்றவர்களின் பேச்சு நின்றுவிட்டது. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் கொழும்பில் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது சின்னக் கேள்வியில்லை.

“பீலா பென்னன்ன.”

குடித்துக் காட்டு.

தவமலர் தயங்கினாள். பயத்தால் அல்ல. அந்தச் சாற்றின் கசப்பை அவளைவிட அறிந்தவர் உலகத்தில் இல்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் அன்று முழுக்கச் சோறும் கசக்கும். ஆய்வுகூடத்து எலிகளே முகத்தைத் திருப்பிக்கொண்ட சாறு அது. ஆனால் மாட்டேன் என்றால் போத்தலும் போகும், நாளும் போகும், பொலிஸ் நிலையத்தில் யார் வந்து கையெழுத்து வைத்து அவளை வெளியே எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டிவரும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு முடறு விழுங்கினாள்.

இனித்தது.

கண்ணைத் திறந்தாள். நம்பமுடியாமல் இன்னொரு முடறு குடித்தாள். இனிப்பு. இஞ்சி. கொஞ்சம் ஏலக்காய்.

“மொகத உனே?” அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பொலிஸ்காரி சந்தேகத்தோடு கேட்டாள். என்ன நடந்தது?

தவமலருக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “சீனி வெடியி.” சீனி கூடிப்போச்சு.

பொலிஸ்காரி போத்தலை வாங்கி மணந்து பார்த்தாள். “மேக்க தே னே!” என்று ஆமிக்காரனிடம் சொன்னாள். இது தேத்தண்ணியல்லவா! ஆமிக்காரன் சிரித்தான். வரிசையில் நின்ற ஒரு அம்மா, “தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு இந்தப் பிள்ளை ஏன் இப்பிடி முழிக்குது?” என்றார். சாரதி ஹோர்ன் அடித்தான். மெழுகு வைத்த போத்தலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லிவிட்டாள் பொலிஸ்காரி.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் தவமலருக்கு விஷயம் முழுதாக உறைத்தது. அந்தச் சாவடியில் மட்டும் மறித்திராவிட்டால் இன்றைக்கு நோயாளிகளுக்கு இஞ்சித் தேத்தண்ணியை அளந்து கொடுத்திருப்பாள். இத்தனை வருஷ வேலை தேத்தண்ணியோடு போயிருக்கும். இறக்கி ஏற்றி அலைக்கழிக்கிறார்களே என்று தினமும் வயிறெரிந்த சாவடிக்கு அன்றைக்கு அவள் மனதுக்குள் கும்பிடு போட்டாள்.

அடுத்து கோபம் வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். குடித்தது யாராக இருக்கும் என்று யோசிக்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நின்றுகொண்டு தேங்காய் துருவிய மாமி கண்ணுக்குள் வந்தார். படியில் தடதடத்த அப்பா வந்தார்.

கோபத்துக்குப் பின்னால் பயம் வந்தது. அப்பா பிரஷர் குளிசை எடுக்கிறவர். சாறு எவ்வளவு குடித்தால் என்ன செய்யும் என்று எலிகளுக்குத் தெரியும். அப்பாவுக்கு?

கிளினிக்கில் டொக்டர் ராசிக் அவள் சொன்னதைக் கேட்டு முதலில் ஒரு கரண்டி ருசி பார்த்தார். “நல்ல தேத்தண்ணி மிஸ். இஞ்சி கொஞ்சம் கூட.” உடனேயே அவர் முகம் மாறியது. “வாப்பா பிரஷர் குளிசை எடுக்கிறாரா? அப்ப உடனே கோல் பண்ணுங்க. தலை சுத்து, வயித்து நோவு ஏதும் இருக்காண்டு கேளுங்க.”

தவமலர் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தாள். எடுப்பாரில்லை.

அந்த வீட்டில் ஆளில்லாமல் இருக்காது. தீபாவளிக்குப் பிறகு மாமி படியே இறங்கவில்லை. அப்பா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களோ? இல்லையென்றால் ஆமியின் சுற்றிவளைப்பா? வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையைச் சுற்றி வளைத்தால் கிழவர் கிழவி என்றும் பார்க்கமாட்டார்களே.

பக்கத்து வீட்டு ஹபீலாவுக்கு அடித்தாள்.

“ஒங்களுக்குத் தெரியாதா தவம்?” ஹபீலாவின் குரலில் ஆச்சரியம். “நீங்க போன கையோட மாமியும் வாப்பாவும் எறங்கிப் போனாங்களே! மாமி பட்டுச் சாரி உடுத்தி, பூவும் வெச்சிருந்தாங்க. ஐடென்டிட்டி காட் எடுத்தீங்களாண்டு கேட்டன். ஹேன்ட்பேக்கத் தட்டிக் காட்டினாங்க.”

“மாமியை ஆர் பிடிச்சு இறக்கினது?”

“புடிக்கவா? மாமி முன்னுக்கு, ஒங்கட வாப்பா பின்னுக்கு!”

தவமலர் ரிசீவரை வைத்தாள். உயிரோடு இருக்கிறார்கள். அதுவும் பட்டுச்சேலையோடு.

மெழுகு வைத்த ஒரு போத்தல் மட்டும் இத்தனை பேருக்குக் காணாது. வெளியே வாங்கில்களில் காத்திருந்தவர்களிடம் போய் நின்று, இன்றைக்கு மருந்து தர முடியாது என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “எங்கட வீட்டில ஆக்கள் குடிச்சிட்டினம்,” என்றாள்.

வாங்கில் முழுக்கச் சிரிப்பு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல் முன்னால் வளைந்து கேட்டார்: “அது சரி மகள், குடிச்சவங்களுக்குச் சொகமாச்சா?”

உள்ளதிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

அந்த நேரத்தில் வாசலில் மூச்சு வாங்கியபடி ஒரு பருத்த அம்மா வந்து நின்றார். கொன்ஸ்ரன்ஸ். பவளராணியின் மாமியார். அவருக்கும் இரண்டு முழங்காலும் பேச்சுக் கேளாது. தவமலர் சொல்லித்தான் கிளினிக்கில் பெயர் கொடுத்திருந்தார்.

“டொக்டர், லேட் ஆயிட்டேன், மன்னிக்கணும். வீட்டுக்கு ஆள் வந்திட்டாங்க.” தவமலரைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “அடடா, தவம், ஒங்க மாமி வந்திருக்காங்க! ஒரு நாளும் வராத சம்மந்தியம்மா, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, சீப்பு வாழைப்பழத்தோட வாசல்ல நிக்கிறாங்க. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. கால் எப்பவும்தான் ஓடாது, அது வேற!”

தவமலர் வாங்கிலில் இருந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“போங்க மிஸ்,” என்றார் டொக்டர் ராசிக். “கிளினிக் முடிஞ்சதும் பிரஷர் பாக்கிற மெஷினோட நானும் வாறன்.”

கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் அந்த வீடு. கொன்ஸ்ரன்ஸ் தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தார். நடந்தபடியே, சம்மந்தியம்மாவுக்கு மத்தியானம் என்ன சமைக்கலாம், பாரை மீனா விளைமீனா, உறைப்பு எவ்வளவு என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். கோபத்தைக் கலைக்காமல் வீடுவரைக்கும் கொண்டுபோகத் தவமலர் பெரும்பாடுபட்டாள்.

பின்கட்டில் எட்டிப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமி பட்டுச்சேலையை மாற்றி மகளுடைய பழஞ்சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தாழ்ந்த பலகையில் இருந்தார். இரண்டு காலையும் நேராக நீட்டியிருந்தார். மடக்க முடியாமலும் நீட்ட முடியாமலும் இவ்வளவு நாளும் அழவைத்த அதே கால்கள். அவற்றின் மேல், முழங்கால்களுக்கு நடுவே, எண்ணெய் பூசிய பேரன் குப்புறக் கிடந்தான். பவளராணி இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, மாமி குழந்தையின் முதுகைத் தேய்த்து, “எங்கட ராசா குளிக்கிறார், எங்கட ராசா குளிக்கிறார்” என்று பாட்டாகவே இழுத்துக்கொண்டிருந்தார். பவளராணியின் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது. அது வாளித் தண்ணீர் இல்லை.

“மாமி,” என்றாள் தவமலர்.

“வா பிள்ளை. கதவைச் சாத்து, காத்து அடிக்குது.” மாமி தலை நிமிரவில்லை. ஆனால் குரல் ஒரு சுருதி இறங்கியதைத் தவமலர் கவனித்தாள்.

குழந்தைக்குத் துடைத்து, பவுடர் போட்டு, புகை காட்டி முடிகிறவரை அவள் பொறுத்தாள். பிறகு முன்னறைக்கு வந்து, கேக் தின்றுகொண்டிருந்த அப்பாவுக்கு முன்னால் மேசையில் போத்தலை வைத்தாள். அப்பாவின் வாய் அசைவது நின்றது.

“இது என்ன?”

“தேத்தண்ணி,” என்றார் மாமி, குழந்தையோடு வந்து இருந்தபடி.

“அது எனக்கும் தெரியும். ஆமிக்கும் தெரியும்.”

சாவடியில் நடந்ததைக் கேட்டதும் நவரத்தினம் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார். “ஐயோ பிள்ளை,” என்றார். குரலில் விளையாட்டு இல்லை. மாமி குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“நீ ஒருநாள் சாப்பாட்டு மேசையில சொன்னனி,” என்று மெதுவாகத் தொடங்கினார். “எலியின்ர கால் வீக்கம் வத்திப்போச்சு, எலி ஓடித் திரியுது எண்டு. பேரன் பிறந்து கிடக்கிறான். எலி ஓடுது, நான் நடக்கேலாமல் கிடக்கிறன். நான் என்ன செய்யிறது?”

“கேட்டிருக்கலாமே மாமி.”

“கேட்டால் தந்திருப்பியோ?”

“தந்திருக்க மாட்டன்.”

“அதுதான் கேக்கேல்லை.”

“அப்பா, நீங்களுமோ?”

நவரத்தினம் தொண்டையைச் செருமினார். “விடியக்காலமை தண்ணி குடிக்க வந்தனான். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்துவைச்சுக்கொண்டு, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி முகத்தைச் சுழிச்சுக்கொண்டு நிண்டா. பிடிச்சுப்போட்டன்.”

“பிடிச்சுப்போட்டு?”

“எனக்கும் ஒரு முடறு தாங்கோ எண்டு கேட்டன்.”

பவளராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மட்டம் குறையக் குறையத் தேத்தண்ணி ஊத்தினனாங்கள்,” என்றார் மாமி. “பிறகு சாறு முடிஞ்சுபோச்சு. தேத்தண்ணி புளிச்சுப்போகும் எண்டு இடைக்கிடை மாத்தினனான். நீ குடிச்சது நேற்று ஊத்தினது.”

“சீனி போட்டது ஆர்?”

“தேத்தண்ணி எண்டால் சீனி போடத்தானே வேணும்!”

கொன்ஸ்ரன்ஸுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கதிரை கிறீச்சிடச் சிரித்தார். சிரிப்பு அப்பாவைத் தொற்றியது, பவளராணியைத் தொற்றியது. தவமலர் மட்டும் சிரிக்கவில்லை.

“மாமி, இது இண்டைக்கு நோயாளியளுக்குப் போக இருந்தது. உங்களுக்கு முழங்கால் நோகிற மாதிரித்தான் அவைக்கும் நோகுது. இந்தா, இவவுக்கும் நோகுது.” கொன்ஸ்ரன்ஸைக் காட்டினாள். “நான் தேத்தண்ணியைக் குடுத்திட்டு, மருந்து வேலை செய்யேல்லை எண்டு எழுதியிருப்பன்.”

சிரிப்பு அடங்கியது. மாமி குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

“வெக்கமாத்தான் கிடக்கு,” என்றார் கடைசியில். “நேற்று ரெண்டு தரம் சொல்ல வாயெடுத்தனான். நீ சந்தோசமா ஓடித் திரிஞ்சனி. சொன்னால் இண்டைக்கு என்னை இஞ்ச வரவிடாமல் மறிச்சுப்போடுவாய் எண்டு பயந்திட்டன். நேற்றோட பிள்ளைக்கு முப்பத்தொண்டு நாள் துடக்கு முடிஞ்சுது. இண்டைக்கு வராட்டில் இனி வரவே மாட்டன் எண்டு எனக்குத் தெரியும். ஒருக்கா விட்டால் கோபம் திரும்பி வந்திடும்.”

“மச்சாள், அம்மாவை ஏசாதையுங்கோ,” என்றாள் பவளராணி. “எனக்காகத்தானே...”

“உனக்காக இல்லை,” என்று மாமி வெட்டினார். “இவனுக்காக.” குழந்தையின் தலையை முகர்ந்தார். அப்புறம், யாரையும் பார்க்காமல், “உனக்காகவுந்தான்” என்றார்.

பவளராணி எழும்பி வந்து தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொன்ஸ்ரன்ஸ் மீன் கருகுகிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அடுப்பு இன்னும் மூட்டவேயில்லை.

மத்தியானம் பாரை மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சாப்பிட்டு, மாமி, “சம்மந்தி, புளி கொஞ்சம் முன்னுக்கு நிக்குது, ஆனால் கைப்பதம் இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்த நேரத்தில் டொக்டர் ராசிக் வந்தார். நவரத்தினத்தின் பிரஷர் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. “பயப்பட ஒண்டுமில்ல. ஆனா இனி ஒரு சொட்டும் கூடாது. நாளைக்கு ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணும்,” என்றார். நவரத்தினம் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார்.

பிறகு மாமியின் முழங்காலை அமர்த்திப் பார்த்தார். “நோகுதா?”

“நோகுது. முந்தின மாதிரி இல்லை.”

“படி இறங்கக்குள்ள?”

“நொந்தது. நான் நிக்கேல்லை.”

வீக்கம் வற்றியிருந்ததைத் தவமலரும் தொட்டுப் பார்த்தாள். போன மாதம் பலாக்கொட்டைபோல உருண்டு நின்ற இடத்தில் எலும்பின் விளிம்பு தெரிந்தது. டொக்டர் ராசிக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சிரித்தார். “மிஸ், இத நீங்க எங்கயும் எழுத ஏலாது. அளவில்லாம, களவா, ரெண்டு பேர் குடிச்சிருக்காங்க. அதுக்குள்ள பேரப்புள்ள வேற. இதுல மருந்து எவ்வளவு, புள்ள எவ்வளவுண்டு எப்படிப் பிரிக்கிற?”

தவமலருக்கு அது தெரியும். வேறு யாராவது இதை ஒரு சான்றென்று கொண்டுவந்து நீட்டினால் அவளே கிழித்துப் போட்டிருப்பாள். ஆனாலும் வாய் தன்பாட்டில் விரிந்தது. அன்று முதல்தடவையாகச் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

“ஏன் பிரிக்கவேணும்?” என்றார் மாமி. “ரெண்டும் எண்டு எழுது.”

“அப்ப எனக்கு?” என்று வாசல்படியில் இருந்து கேட்டார் கொன்ஸ்ரன்ஸ். “எனக்குப் பேரனும் இருக்கான், கால்நோவும் இருக்கே!”

மெழுகு உடைக்காத போத்தல் ஒன்றுதான் மிச்சம். அது எல்லோருக்கும் காணாது. இலை ஒடிப்பதிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும் என்றாள் தவமலர். நொச்சி பேலியகொடைப் பக்கம் ஆற்றோரத்தில் மண்டிக் கிடக்கிறதென்று கொன்ஸ்ரன்ஸ் சொன்னார்.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் போய் ஒடிச்சுக்கொண்டு வருவம் சம்மந்தி,” என்றார் மாமி. “குடிச்சவள் நான். இலையும் நான்தான் கொண்டுவந்து தரவேணும்.”

“ரெண்டு நொண்டிகளும் ஆத்தில விழுந்தா?”

“விழுந்தால் தம்பி ரயிலை மறிச்சு எங்களை ஏத்துவான்.”

வெள்ளவத்தையில் இருக்கும்போது மாமி இப்படிக் கதைத்ததைத் தவமலர் கேட்டதில்லை.

மாலை மங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நவரத்தினம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தபோது ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. பவளராணியின் முகம் வெளிறியது. ரெஜினோல்ட். அவளுடைய புருஷன். துறைமுகத்தில் மின்வேலை செய்கிறவன். மாமி அவனோடு இந்நாள்வரை ஒரு சொல் பேசியதில்லை. கல்யாணப் படத்தைக்கூடக் கவிழ்த்து வைத்தவர்.

அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி உள்ளே காலை வைத்தவன், மாமியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றோடு நின்றான்.

மாமி கதிரைக் கைபிடியைப் பிடித்தார். அப்பா உதவிக்குக் கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி, மாமி தானாகவே எழும்பி நின்றார்.

“வாங்கோ தம்பி,” என்றார். “வேலையால களைச்சு வந்திருக்கிறியள். சாப்பிட்டியளோ?”

ரெஜினோல்ட் மற்றச் செருப்பையும் கழற்றினான். “இல்ல மாமி,” என்று சொல்லத்தான் அவனால் முடிந்தது. மாமி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் கேளாமல் குசினிக்குள் போய்ச் சோறு போடத் தொடங்கினார். நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கை கழுவவென்று பின்கட்டுக்கு வந்த ரெஜினோல்ட், தவமலரைக் கண்ணால் கூப்பிட்டான். சந்தோசப்பட்ட முகத்தின் மேல் ஏதோ ஒரு நிழல்.

“அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். பவளத்துக்கும் இன்னைக்குத்தான் சொல்ல இருந்தேன்.” குரலைத் தாழ்த்தினான். “மாலைதீவுல எனக்கு வேல கெடச்சிருக்கு. நல்ல வேல. வீடும் குடுக்கிறாங்க. அடுத்த மாசமே பவளத்தையும் புள்ளயையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க.”

தவமலர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குசினியிலிருந்து மாமியின் குரல், சட்டி பானைச் சத்தத்துக்கு மேலால், வீடு முழுக்கக் கேட்டது.

“தம்பி ரெஜி, நாளைக்கு நீங்கள் எத்தினை மணிக்கு வேலைக்குப் போவியள்? சொல்லுங்கோ, அதுக்கு முந்தி நான் வந்திடுவன். இனி ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் குளிப்பாட்டுறது நான்தான்!”